39இல் 7: நாடாளுமன்றத்தில் தமிழ்நாடும் நாமும்

ரயில்வே கேட் மூடிக் கிடந்ததால் பாதிப் பேர் இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். நீடாமங்கலத்தில் நெல் ஏற்றும் சரக்கு ரயில் நகர்ந்தால்தான் கூட்டம் தொடங்கும் என்பது நமக்குப் பழகிய செய்திதான்.

இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பு முடிவு செய்ய உட்கார்ந்தபோது, நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் பிரதிநிதித்துவ வரலாறு என்று சொன்னோம். இலக்கிய மன்றத்தில் தொகுதிக் கணக்கு எதற்கு என்று கேள்வி வந்தது. கேட்டவர்களும் நம் தோழர்கள்தான். அவர்களுக்கான பதிலாகவே இந்த உரையை எழுதியிருக்கிறோம்.

இன்று தமிழ்நாடு முழுக்கத் தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம். மார்ச் 22 அன்று பல மாநில முதல்வர்களும் தலைவர்களும் கூடிய கூட்டுக் கூட்டம். மக்கள்தொகையை மட்டும் வைத்து இடங்களைப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தென்மாநிலங்கள் தண்டிக்கப்படும் என்பது வாதம். டெல்லியில் நம் குரல் என்றென்றைக்கும் சிறுபான்மைக் குரலாகிவிடும், தலை எண்ணி மட்டும் நீதி வழங்க முடியாது என்கிறார்கள். இந்த வாதம் சரியானது. நாமும் அதன் பக்கம்தான் நிற்கிறோம்.

ஆனால் இந்த வாதத்தை முதலில் சொன்னவர்கள் யார்? 1931 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் ரெட்டமலை சீனிவாசனும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவின் சாரமும் இதுதான். நாங்கள் எல்லா ஊரிலும் சிறுபான்மை. பொது வாக்கில் விட்டால் எங்கள் பெயரால் உட்காருபவரைக்கூட மற்றவர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அதைப் பிரிவினை என்றார்கள். இன்று அதே வாதத்தை ஒரு மாநிலம் வைத்தால் உரிமை என்கிறார்கள். உரிமை என்பதே சரி. அந்தப் பெயரை 1931 மனுவுக்கும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதுதான் நம் வேண்டுகோள்.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியச் சட்டசபை என்று டெல்லியில் ஒன்று இருந்த காலத்தில் அங்கே தீண்டத்தகாதோர் சார்பில் தேர்தலில் நின்று யாரும் போகவில்லை. 1927இல் எம்.சி. ராஜா நியமன உறுப்பினராகப் போனார். சொத்தும் வரியும் இருந்தால்தான் வாக்கு என்ற காலம் அது. பண்ணையாளுக்கு ஏது சொத்து, ஏது வாக்கு? நியமனம்தான் ஒரே வாசல்.

1932 ஆகஸ்ட் மாதம் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியும் பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கும் தந்தது. எல்லா மாகாணங்களுக்கும் சேர்த்து 71 இடங்கள். மதராஸ் மாகாணத்துக்கு 18. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 என்பது 148 ஆனது. மதராசில் 18 என்பது 30 ஆனது. இடம் இரண்டு மடங்கு ஆயிற்று. தேர்ந்தெடுக்கும் உரிமை கையை விட்டுப் போயிற்று. முதல் சுற்றில் நால்வரை நம் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கலாம், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஓர் ஏற்பாட்டைப் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு ரெட்டமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். ராஜா அதற்கு முன்பே மூஞ்சேயோடு உடன்படிக்கை செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர். அவரை நம் மேடைகளில் எளிதாகத் திட்டிவிட்டுப் போகிறார்கள். 1938இல் அவர் மதராஸ் சட்டமன்றத்தில் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதா ராஜாஜி அரசின் எதிர்ப்பால் தோற்றது என்பதையும், 1942இல் கிரிப்ஸ் வந்தபோது அதே ராஜா அம்பேத்கரோடு சேர்ந்து போய் நம் கோரிக்கையை வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தே ஆண்டில் அவரை அம்பேத்கர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கூட்டுத் தொகுதி தந்த அனுபவம்தான்.

அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். 1937 தொடக்கத்தில் பூனா ஒப்பந்தப்படி முதல் தேர்தல். மதராசில் 30 ஒதுக்கப்பட்ட இடங்களில் 26ஐக் காங்கிரஸ் வென்றது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று இதே நீடாமங்கலத்தில் தென் தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு. மாநாட்டுப் பந்தலில் எல்லோரும் சமமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நம்பி நம் ஆட்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். அடித்தார்கள். பிறகு பிடித்துக் கட்டி மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பெரியார் இயக்கம் ஈரோட்டுக்கு அழைத்துப் போனது. 'விடுதலை' ஏடு எழுதியது. எழுதியதற்காக அந்த ஏட்டின் மீதே அவதூறு வழக்கு வந்தது. இந்த வரலாற்றை ஆ. திருநீலகண்டன் 'நீடாமங்கலம்: சாதியக் கொடுமையும் திராவிட இயக்கமும்' என்ற நூலில் தேடித் தொகுத்திருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

26 பேர் சட்டமன்றத்தில் இருந்தார்கள். ஆளும் கட்சியில் இருந்தார்கள். அந்தக் கட்சியின் மாநாட்டுப் பந்தியிலேயே இது நடந்தது. அந்த 26 பேரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. சீட்டு கொடுத்தது கட்சி, வாக்கு போட்டது ஊர்த் தெரு, அவர்கள் பேச வேண்டியது சேரிக்காக. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டும்போது ஒரு மனிதர் எந்தப் பக்கம் சாய்வார்? இது குணத்தைப் பற்றிய கேள்வியில்லை, ஏற்பாட்டைப் பற்றிய கேள்வி.

இந்த ஊரில் மூணாறு தலைப்பு தெரியாதவர் இல்லை. வெண்ணாற்றுத் தண்ணீர் அங்கேதான் பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று போகிறது. எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று கணக்கு உண்டு. ஆனாலும் கடைமடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: கணக்கில் இருக்கும் தண்ணீர் வேறு, ஷட்டரைத் தூக்குகிறவர் விடும் தண்ணீர் வேறு என்பார். தனித்தொகுதியும் அப்படித்தான். கணக்கில் நமக்குப் பங்கு உண்டு. தூக்குகிற கை வேறு.

அரசியல் நிர்ணய சபையில் இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி நடந்தது. அதை நம்மில் பலரும் மறந்துவிட்டோம். 1947 ஆகஸ்ட் 28 அன்று, மதராஸ் மாகாணத்திலிருந்து போன எஸ். நாகப்பா என்ற தலித் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், பொது வாக்கே இருக்கட்டும். ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்கிறவர் தன் சொந்த மக்கள் போட்ட வாக்குகளில் குறைந்தது 35 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும் என்றார். இதைவிட அடக்கமான கோரிக்கை இருக்க முடியுமா? நூற்றுக்கு முப்பத்தைந்து பேராவது 'இவர் எங்கள் ஆள்' என்று சொல்லட்டும் என்றுதானே கேட்டார். அது ஏற்கப்படவில்லை. சர்தார் படேல் அதைக் கடுமையாக எதிர்த்தார். நாடு அப்போதுதான் பிரிவினையின் ரத்தத்தில் கிடந்தது, எந்தத் தனி ஏற்பாடும் பயமாகத் தெரிந்தது என்று சமாதானம் சொல்வார்கள். சரி, பயம் புரிகிறது. அந்தப் பயத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

1952 முதல் பொதுத்தேர்தல். பழைய மதராஸ் மாநிலத்துக்கு மக்களவையில் 75 இடம். அன்று இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. இன்றைய மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஒரே பெரிய தொகுதி, இரண்டு உறுப்பினர்கள். ஒன்று பொது, ஒன்று நமக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. மாயவரம் அப்படித்தான் இருந்தது. ரயில்வே தொழிற்சங்கத் தலைவரான கம்யூனிஸ்ட் கே. ஆனந்த நம்பியாரும், ஒதுக்கப்பட்ட இடத்தில் வி. வீராசாமியும் அங்கிருந்து போனார்கள். 1957இல் நாகப்பட்டினத்திலிருந்து கே.ஆர். சம்பந்தமும் மு. அய்யாக்கண்ணுவும். மக்களவை விவாதப் பதிவுகளைப் புரட்டினால் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் தொகுதிப் பெயரோடு 'ஒதுக்கப்பட்டது, பட்டியல் சாதிகள்' என்று சேர்த்தே அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். பேச்சு எதுவாக இருந்தாலும் அந்த அடையாளம் முன்னால் வந்து நிற்கும்.

இரட்டை உறுப்பினர் முறை ஏன் போனது என்பது சுவையான கதை. அதன் விதி என்ன தெரியுமா? ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்த வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். பிறகு மிச்சமிருக்கும் எல்லோரிலும் அதிக வாக்கு வாங்கியவருக்குப் பொது இடம். மிச்சமிருப்பவர்களிலும் முன்னால் நிற்பவர் ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால், பொது இடமும் அவருக்கே. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இது நடந்தது. இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பெற்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அவர் வழக்குப் போட்டார். டிப்பல சூரி தோரா பொது இடத்தில் வென்றது செல்லும் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. தொகுதி மிகப் பெரியது, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அவையும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் நம்மவர் பொது இடத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்த இரண்டே ஆண்டில் அந்தக் கதவு சாத்தப்பட்டதைத் தற்செயல் என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை.

அன்று போன உறுப்பினர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எளிதாகச் சொல்லக் கூடாது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தைச் சேர்ந்த எல். இளையபெருமாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 முதல் மக்களவையில் இருந்தவர். தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். நாடெங்கும் சுற்றி, கிராமம் கிராமமாகக் கேட்டு, 1969இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. 1970இல் கலைஞர் அரசு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் சட்டம் கொண்டுவந்தபோது அதற்கு அடிப்படையாக நின்றவற்றுள் ஒன்று இந்தப் பரிந்துரை. தனித்தொகுதியிலிருந்து போன ஒருவர் செய்த வேலை அது. அர்ச்சகர் சட்டத்தைக் கொண்டாடுகிற மேடைகளில் எத்தனை பேர் இளையபெருமாள் பெயரைச் சொல்கிறார்கள்?

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் நலனுக்கான நாடாளுமன்றக் குழு முதன்முதலாக அமைக்கப்பட்டது 1968 டிசம்பரில். அதே டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். டெல்லியில் குழு அமைகிறது, நாகை வட்டத்தில் குடிசை எரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

நாகப்பட்டினம் தொகுதிக்கு வருவோம். 1977 தேர்தல் தொடங்கி இன்றுவரை அது தனித்தொகுதி. 1977இல் அங்கிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.ஜி. முருகையன் வென்றார். கோட்டூர் ஒன்றியப் பெருந்தலைவராக இருந்தவர். விவசாயத் தொழிலாளர் போராட்டத்தில் வளர்ந்தவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே 1979 ஜனவரியில் கொல்லப்பட்டார். இடைத்தேர்தலில் அதே கட்சியின் கே. முருகையன் வந்தார். இந்தத் தொகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்சி கொடுக்கும் சீட்டுதான் இங்கும். ஆனால் கூலிப் போராட்டமும் செங்கொடியும் சேரியை ஒரு வாக்குச் சக்தியாக அமைத்திருந்ததால், போகிறவர் திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. எம். செல்வராசு 1989இலிருந்து 2019 வரை நான்கு முறை வென்றதற்கும் அந்த அடித்தளம் ஒரு காரணம். 2024இல் வை. செல்வராஜ். இடையில் 1991இல் காங்கிரஸ் சார்பில் பத்மா வென்றார். நாகையிலிருந்து ஒரு பெண் போனது அந்த ஒரு முறைதான்.

ஏற்பாடு நமக்கு எதிராக இருந்தாலும் கீழே அமைப்பு இருந்தால் அதைக் கொஞ்சம் வளைக்க முடியும் என்பதற்கு நாகை சாட்சி. எவ்வளவு வளைக்க முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். சேரிக்கு ஒரு கருத்தும் கட்சிக்கு வேறு கருத்தும் இருந்தால், உறுப்பினர் அவையில் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று சொல்லவே வேண்டாம்.

இனி எண்ணிக்கை. தமிழ்நாட்டுக்கு 1957இலும் 1962இலும் மக்களவையில் 41 இடம். 1967இல் 39. மக்கள்தொகை மற்ற மாநிலங்களைவிட மெதுவாக வளர்ந்ததால் இரண்டு குறைந்தது. 1976இல் 42ஆம் திருத்தம் மாநிலங்களுக்கான எண்ணிக்கையை 2001 வரை உறைய வைத்தது. 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்த 39இல் நமக்கு 7. 2008 மறுவரையறைக்கு முன்னும் 7, பின்னும் 7. இப்போது திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். 39இல் 20 சதவீதம் என்பது ஏறக்குறைய 8. ஓர் இடம் கணக்கில் நிலுவையாக நிற்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான எண்ணிக்கையை 1971 கணக்கிலேயே வைத்திருக்கச் சொல்வது ஒரு விஷயம். மாநிலத்துக்குள் நம் பங்கைப் புதுக் கணக்குப்படி திருத்துவது வேறு விஷயம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதைத் தள்ளிப்போட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

இந்த இரண்டும் ஒன்றாக வந்து முட்டிய ஒரு வழக்கைச் சொல்கிறோம். தென்காசி நெடுங்காலமாகத் தனித்தொகுதி. அதைப் பொதுத்தொகுதியாக்க வேண்டும் என்று ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு. கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அத்தோடு நிற்காமல், தமிழ்நாடு 41லிருந்து 39க்கு இறங்கியதே, அதற்கு இழப்பீடு தர வேண்டாமா என்று கேட்டது. ஓர் உறுப்பினரின் மதிப்பு 200 கோடி, இரண்டு உறுப்பினர், 14 தேர்தல், ஆக 5,600 கோடி ரூபாய் என்று கணக்கும் போட்டது. பத்திரிகைகள் 5,600 கோடியைத் தலைப்பாக்கின. நம் ஒரு தொகுதியைப் பறிக்க வந்த மனுவிலிருந்துதான் அந்தத் தலைப்பு பிறந்தது என்பது செய்தியின் அடியில் எங்கோ இருந்தது. இரண்டு இடம் போனதற்கு இவ்வளவு என்றால், 35 சதவீதக் கோரிக்கை போனதற்கு என்ன கணக்குப் போடுவது? இது வேடிக்கைக்குத்தான்.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம். அங்கே நமக்கு ஒதுக்கீடே கிடையாது. அரசியலமைப்பின் 330ஆம் பிரிவு மக்களவைக்கு மட்டும்தான். 18 இடங்களும் கட்சித் தலைமைகளின் கையில். கட்சிகள் மனம் வைத்தால் நாளைக்கே அனுப்பலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தோழர் து. ராஜாவை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பியது போன்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பொதுத்தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்துவதும் அப்படித்தான். டெல்லியில் சமூகநீதி பேசுகிற கட்சிகளிடம் இதைக் கேட்க வேண்டிய இடம் இதுபோன்ற கூட்டங்கள்தான்.

மக்களவை ஒதுக்கீடும் நிரந்தரம் கிடையாது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பத்துப் பத்தாண்டாக நீட்டிக்கிறார்கள். 104ஆம் திருத்தம் 2030 ஜனவரி 25 வரை நீட்டித்திருக்கிறது. 2023இல் வந்த 106ஆம் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தருகிறது. தனித்தொகுதிகளுக்குள்ளும் அது பொருந்தும். ஆனால் அதுவும் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகுதான். ஆக எல்லாம் அந்த மறுவரையறைக்காகக் காத்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். மாநிலத்திலேயே மிக அதிக விகிதம் உள்ள மாவட்டங்களில் ஒன்று. அந்த மாவட்டம் இரண்டாகக் கிடக்கிறது. திருவாரூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதிகள் நாகப்பட்டினத்தில், அதாவது தனித்தொகுதியில். மன்னார்குடி தஞ்சாவூரில், அதாவது பொதுத்தொகுதியில். நீடாமங்கலம் மன்னார்குடியோடு போகிறது. ஆகவே பந்தியில் உட்கார்ந்ததற்காக மொட்டையடிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாக்களிப்பது பொதுத்தொகுதியில். பொதுத்தொகுதி உறுப்பினருக்கு நம்மைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்; அதில் குறைந்தது 15 சதவீதம், 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு என்று விதியே சொல்கிறது. பொதுவோ தனியோ, எல்லா உறுப்பினர்களுக்கும் அது பொருந்தும். தஞ்சாவூர்த் தொகுதியில் அது எந்தத் தெருவுக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் தெரிந்துவிடும். பத்து ரூபாய்க் கட்டணம்தான்.

மறுவரையறை ஆணையம் அடுத்து அமைக்கப்படும்போது என்ன நடக்கும்? கடந்த முறை ஒவ்வொரு மாநிலத்துக்கும் பத்து இணை உறுப்பினர்கள் இருந்தார்கள்: ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. அவர்களுக்கு ஆணையத்தில் வாக்குரிமை இல்லை. வரைவை வெளியிட்டு, பொது விசாரணை நடத்தி, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே ஆணை வரும். பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமுள்ள பகுதிகளில் தனித்தொகுதி அமைய வேண்டும் என்பது சட்டத்தின் சொல். எல்லைக்கோட்டை ஒரு வாய்க்கால் தள்ளிப் போட்டால் அந்த விகிதம் மாறிவிடும் என்பது கோடு போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பொது விசாரணையில் கட்சிக்காரர்கள் வரைபடத்தோடு வருவார்கள். நாம் வெறுங்கையோடு போனால் கோஷம் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அதனால் இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். 2011 கணக்கெடுப்பில் கிராமவாரியாகப் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை அச்சிலேயே இருக்கிறது. நீடாமங்கலம், வலங்கைமான், மன்னார்குடி வட்டங்களுக்கு அதை ஊர் ஊராக எடுத்து எழுதுங்கள். 2027 கணக்கெடுப்பு வரும்போது பக்கத்தில் அடுத்த பத்தி போட இடம் விட்டு எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் மன்றம் வாங்கித் தரும். வலங்கைமான் தோழர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர விரும்புகிறவர்கள் கூட்டம் கலைவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.